பூட்டைப் பார்த்தால் குற்றமா?

கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியாது. டேப்ரிக்கார்டரின் சிவப்பு பட்டன் இறங்காது. கடையில் விற்கும் சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் பல் போனபடியேதான் வரும். பள்ளத்தில் கொஞ்சம் காகிதத்தைக் கசக்கித் திணித்தாலோ, ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினாலோ பட்டன் சமர்த்தாக இறங்கிவிடும். இந்த 'தொழில்நுட்பம்' தெரியாத வீடு அப்போது அனேகமாகக் கிடையாது.

எண்பதுகளில் தேனிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பஸ் நின்று கிளம்பும் ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கேசட் கடை. வாசலில் 'பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று போர்டு. பாட்டு லிஸ்ட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அறுபதா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு நாளில் ரெடி. "தம்பி, பி சைடுல நாலு நிமிஷம் மிச்சம் இருக்கு. ஒரு பாட்டுப் போட்டு விடவா?" என்று அக்கறையாகக் கேட்பார் கடைக்காரர். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அதே பள்ளத்தாக்கில், அடுத்த பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில் இருக்கிறது. ஊர்க்காரர் பாட்டு என்ற பாசம் வேறு. கடைக்காரருக்கு ஓய்வே இல்லை.

அந்த வருமானத்தில் இசையமைத்தவருக்கோ எழுதியவருக்கோ கேசட் கம்பெனிக்கோ ஒரு பைசா போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டப்படி அது தப்புதான். ஆனால் சேதத்துக்கு ஒரு அளவு இருந்தது. கேசட்டுக்கு இயற்கையே ஒரு பூட்டு போட்டிருந்தது. நகலின் நகலில் 'உஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் கூடும். அதற்கடுத்த நகலில் வயலின் எங்கே, மழை எங்கே என்று தெரியாது. பள்ளத்தில் காகிதம் திணிக்கச் சொல்லிக் கொடுத்ததற்காக யார் மேலும் கேஸ் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

சி.டி. வந்ததும் இந்தக் கணக்கு தப்பிப் போயிற்று. சி.டி.யில் இருப்பது வெறும் எண்கள். எண்களை ஆயிரம் தடவை நகலெடுத்தாலும் தேய்மானம் இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவரெல்லாம் கேசட் கடைக்காரர் ஆகிவிட, இசைக் கம்பெனிகள் அலறிப் போய் சி.டி.க்குப் பூட்டு தேட ஆரம்பித்தன. கிடைத்த பூட்டுகளின் லட்சணத்தைப் பாருங்கள். 2002ல் வெளிநாட்டில் புழங்கிய ஒரு வகைப் பூட்டு, சி.டி.யின் வெளி ஓரத்தில் ஃபெல்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் திறந்துகொண்டது. அடுத்த வருஷம் சன்காம் என்ற கம்பெனியின் 'மீடியாமேக்ஸ்' வந்தது. சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டதும் தானாக ஓடும் ஒரு சின்ன ப்ரோக்ராம், நீங்கள் நகலெடுப்பதைத் தடுக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேன் அதை ஆராய்ந்து, அக்டோபர் 2003ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாராம்சம்: சி.டி.யைச் செருகும்போது கீபோர்டில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக் கொண்டிருந்தால் போதும், அந்தப் ப்ரோக்ராம் ஓடாது, பூட்டும் இல்லை.

கம்பெனி என்ன செய்தது? "ஒரு கோடி டாலர் நஷ்டம், வழக்குப் போடுவோம்" என்று அறிவித்தது. ஷிஃப்ட் பட்டனுக்காக ஒரு கோடி டாலர்! ஊரே சிரித்ததில் மறுநாளே பின்வாங்கிவிட்டது. இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு ஜோக்காக எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து ஜோக் முற்றிவிட்டது. அக்டோபர் 31, 2005 அன்று மார்க் ருஸ்ஸினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர், தன் கம்ப்யூட்டரில் யாரோ ஒளிந்திருப்பதாக எழுதினார். துப்பறிந்து போனதில் அது அவர் கடையில் காசு கொடுத்து வாங்கிய, சோனி பி.எம்.ஜி. கம்பெனியின் சி.டி.யிலிருந்து வந்திருந்தது. எக்ஸ்.சி.பி. என்ற பூட்டு. அது நகலெடுப்பதைத் தடுத்ததோடு நிற்கவில்லை. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு தன்னை மறைத்துக் கொண்டது. இந்த மாதிரி மறைவுச் சாமான்களுக்கு 'ரூட்கிட்' என்று பெயர். வைரஸ் எழுதும் திருடர்கள் வைத்திருக்கும் ஆயுதம். டாலர் குறி, எஸ்-ஒய்-எஸ், மறுபடி டாலர் குறி என்று பெயர் ஆரம்பிக்கும் எந்த ஃபைலையும் அது கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். யாருடைய ஃபைலாக இருந்தாலும். பத்தே நாளில் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு முதல் வைரஸ் வந்து சேர்ந்தது.

சுமார் ஐம்பது ஆல்பங்கள், பல லட்சம் சி.டி.கள். கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர், பெரும்பாலான ஜனங்களுக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும் என்கிற ரீதியில் ரேடியோவில் பேசினார். அதை நீக்குவதற்கென்று கம்பெனி கொடுத்த ப்ரோக்ராம் அதைவிடப் பெரிய ஓட்டையைத் திறந்து வைத்தது. உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. திருட்டு நகலைத் தடுக்க வந்த அந்தப் பூட்டுக்குள்ளேயே வேறு சிலர் எழுதிய ப்ரோக்ராம் வரிகள், உரிமை நிபந்தனைகளை மதிக்காமல் நகலெடுத்துப் போடப்பட்டிருந்தன! நவம்பர் நடுவில் சி.டி.களைத் திரும்பப் பெற்றார்கள். வழக்குகள், சமரசம், நஷ்ட ஈடு என்று 2007 வரை இழுத்தது.

இதெல்லாம் பேப்பரில் வந்த கதை. பலர் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன்.

ருஸ்ஸினோவிச் எழுதுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மாசம் முன்பே இந்தப் பூட்டில் கோளாறு என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர், அதே ஷிஃப்ட் பட்டன் ஹால்டர்மேன். மற்றவர் அவருடைய பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன். உலகத்தில் இந்த விஷயத்தை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு மாசமும் வக்கீல்களோடு உட்கார்ந்து, சொன்னால் உள்ளே போவோமா, வெளியே இருப்போமா என்று கேட்டுக் கொண்டிருந்தார்கள். இதை அவர்கள் தரப்பே பிற்பாடு அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்தது. அந்த நாட்களில் எத்தனை பேர் அந்த சி.டி.யை வாங்கி ஆசையாகக் கம்ப்யூட்டரில் செருகினார்களோ!

ஏன் பயம்? பட்ட அனுபவம். அமெரிக்காவில் 1998ல் வந்த டி.எம்.சி.ஏ. என்ற சட்டம், டிஜிட்டல் பூட்டை உடைப்பதையும் உடைக்கும் சாதனம் கொடுப்பதையும் குற்றமாக்கியது. 2000ம் வருஷம் இசைத் துறையின் கூட்டமைப்பு ஒன்று "எங்கள் புதிய பூட்டுகளை உடையுங்கள், பத்தாயிரம் டாலர் வரை பரிசு" என்று போட்டி வைத்தது. ஃபெல்டன் குழு உடைத்தது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் பரிசு என்றதால், பரிசு வேண்டாம், ஆராய்ச்சியை வெளியிடுகிறோம் என்றார்கள். ஏப்ரல் 2001ல் மிரட்டல் கடிதம் வந்தது. மாநாட்டில் வாசிக்க இருந்த கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள். அப்புறம் கோர்ட்டுக்குப் போய், கம்பெனிகள் இறங்கி வந்து, ஆகஸ்ட்டில்தான் வாசிக்க முடிந்தது. நடுவில் ஜூலையில் டிமிட்ரி ஸ்க்ல்யாரோவ் என்ற ரஷ்ய இளைஞர், அடோபி மின்புத்தகப் பூட்டின் பலவீனங்களைப் பற்றி லாஸ் வேகாஸில் உரையாற்றிவிட்டுக் கிளம்பும்போது கைதானார். அவருடைய கம்பெனி குற்றமற்றது என்று ஜூரி சொன்னது 2002 டிசம்பரில். இதையெல்லாம் பார்த்தவர் 2005ல் வக்கீலைத்தான் முதலில் கூப்பிடுவார்.

மிரட்டல் வெறும் மிரட்டலாகவே போனாலும் வேலையைச் செய்துவிடுகிறது. வழக்கே போட வேண்டாம், போடலாம் என்கிற நினைப்பு போதும். மௌனத்தின் செலவு கம்பெனிக்கு அல்ல, சாமானை வாங்கின உங்களுக்கும் எனக்கும்.

பூட்டு வியாபாரத்துக்கு இது புதுசு. தேனியிலிருந்து வத்தலக்குண்டு வழியாக வந்தால் திண்டுக்கல். பூட்டுக்கு உலகப் பெயர் பெற்ற ஊர். 2019ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அங்கே போய்ப் பூட்டு கேட்டால், கடைக்காரர் உள்ளே எத்தனை லீவர் என்று பெருமையாகச் சொல்வார். இழுத்துப் பாருங்கள், வேறு சாவி போட்டுப் பாருங்கள் என்பார். ரகசியம் சாவியில் இருக்க வேண்டுமே தவிர, பூட்டின் அமைப்பில் இருக்கக் கூடாது. கெர்க்கோஃப்ஸ் என்ற டச்சுக்காரர் 1883ல் ராணுவச் சங்கேதங்களுக்கு எழுதிவைத்த விதியும் இதேதான்: உன் கருவி எதிரி கையில் சிக்கினாலும் பாதகமில்லை என்கிற மாதிரி செய்.

லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி, தன் பூட்டைத் திறந்தால் 200 கினி தருவதாகக் கடை ஜன்னலில் பல வருஷங்கள் சவால் வைத்திருந்தது. 1851ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, பதினாறு நாட்களில் மொத்தம் ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கொடுத்தது. அப்புறம் பூட்டுகள் மேம்பட்டன. பூட்டைத் திறந்தவருக்குப் பணம் கொடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஒரு கோடி டாலர் கேட்டது இருபத்தொன்றாம் நூற்றாண்டு. இதற்குப் பெயர் முன்னேற்றம்.

சரி, நம் ஊர் சட்டம் என்ன சொல்கிறது? 2012ல் திருத்தப்பட்ட காப்பிரைட் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் அமெரிக்காவைவிட நாம் நாகரிகம். உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். முறைப்படி வாங்கிய பிரதியை வைத்துச் சங்கேத ஆராய்ச்சி செய்யலாம். சொந்தக்காரர் அனுமதியோடு கம்ப்யூட்டரின் பாதுகாப்பைச் சோதிக்கலாம். பாராட்டத்தான் வேண்டும். ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவினால், அவருடைய பெயர், விலாசம் உள்பட முழு விவரத்தையும் பதிந்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடம் "ஷிஃப்ட் பட்டனை அமுக்குடா" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு லெட்ஜர் வாங்கிக்கொள்வது உத்தமம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இப்படித்தான். சொந்தக்காரர் அனுமதியில்லாமல் அவர் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு வைத்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, இரண்டு சட்டத்திலும் 'எண்ணம்' என்ற சொல்தான் ஆராய்ச்சியாளருக்குக் கவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குறை எங்கே என்றால், எண்ணம் நல்லதா கெட்டதா என்று கோர்ட் தீர்மானிப்பது பிறகு. போலீஸ் வீட்டுக்கு வருவது முதலில்.

கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. பாட்டுப் பூட்டில் இல்லை, ஓட்டுப் பூட்டில். 2010 ஏப்ரலில் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத் என்ற இன்ஜினீயரும் இரண்டு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் இந்திய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். வெளிநாட்டவர்களில் ஒருவர் யார் என்கிறீர்கள்? நம் ஷிஃப்ட் பட்டன் ஹால்டர்மேனேதான். இயந்திரத்தின் எண் காட்டும் பலகையை மாற்றி வைத்தால் முடிவையே மாற்றிக் காட்டலாம் என்று செய்து காண்பித்தார்கள். தேர்தல் கமிஷனின் பதில்: இயந்திரத்தை அப்படி யாரும் தனியாகக் கையில் எடுத்துப் பிரிக்க முடியாது, சீல், காவல், கட்சி ஏஜென்ட்டுகள் எல்லாம் இருக்கிறார்கள். நியாயமான வாதம். விவாதித்திருக்கலாம்.

விவாதத்துக்குப் பதில், ஆகஸ்ட் 21ம் தேதி மும்பை போலீஸ் ஹரி பிரசாத்தைக் கைது செய்தது. இயந்திரம் மும்பையில் அரசுக் காவலிலிருந்து திருடப்பட்டது என்று வழக்கு; யார் கொடுத்தார்கள் என்று சொல் என்றார்கள். அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஜாமீன் கொடுத்த மாஜிஸ்திரேட், அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை என்றார். எண்ணம் நல்லது என்று கண்டுபிடிக்க ஏழு நாள், அதுவும் காவலில். டிசம்பரில் ஒரு கருத்தரங்குக்காக வந்த ஹால்டர்மேனை டெல்லி விமான நிலையத்திலேயே நிறுத்தி வைத்து, பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

இதற்கும் தேனிக்கும் சம்பந்தம் உண்டு. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் ஏப்ரல் 18ம் தேதி வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. மே 7ம் தேதி கோவையிலிருந்து 50 வாக்குப்பதிவு இயந்திரங்கள் தேனி தாலுகா அலுவலகத்தில் வந்து இறங்கின. எதிர்க்கட்சிகள் திரண்டுவிட்டன. மறுவாக்குப்பதிவு என்றால் தேவைப்படும் என்றுதான் கொண்டுவந்தோம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அந்தப் பெட்டிகளில் தில்லுமுல்லு என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. வாசலில் நின்று கத்தியவரிடமும் சரி, விளக்கம் சொன்னவரிடமும் சரி, "இந்தப் பெட்டியைச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் திறந்து பார்த்தார், இதோ அறிக்கை" என்று காட்ட ஒரு தாள் இருந்ததா? இல்லாத இடத்தில் சந்தேகமும் வளரும், நம்பிக்கையும் வளரும். இரண்டுக்கும் ஆதாரம் இருக்காது.

2017 ஜூனில் தேர்தல் கமிஷன் கட்சிகளை அழைத்து "முடிந்தால் செய்து காட்டுங்கள்" என்றது. ஆனால் உள்ளே இருக்கும் பாகத்தை மாற்றக் கூடாது என்று நிபந்தனை. இரண்டே கட்சிகள் வந்தன. ஏப்ரல் 2024ல் உச்ச நீதிமன்றம், தோற்ற வேட்பாளர்களில் முதல் இருவர் கேட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சதவிகித இயந்திரங்களைச் சோதிக்கலாம் என்று வழி செய்தது. ஒரு படி முன்னேற்றம்தான். சோதிக்கிறவர் யார்? இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினீயர்கள். போடி ஏலக்காய் ஏலத்தில் மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து விலை சொல்வது வாங்குகிறவர். விற்கிறவரே முகர்ந்து பார்த்து "நல்ல சரக்கு" என்றால் யார் கை தூக்குவார்?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "பூட்டின் ஓட்டையைப் பகிரங்கமாகச் சொன்னால் திருடனுக்குத்தானே சௌகரியம்?" கொஞ்சம் வாஸ்தவம். அதனால்தான் பொறுப்பான ஆராய்ச்சியாளர்கள் முதலில் தயாரித்தவரிடம் சொல்லி, சரி செய்ய அவகாசம் கொடுத்து, பிறகு வெளியிடுகிறார்கள். ஆனால் திருடன் இவர்கள் கட்டுரைக்காகக் காத்திருப்பதில்லை. அவனுக்கு வக்கீலும் தேவையில்லை. சட்டத்துக்குப் பயந்து சும்மா இருப்பவர் நல்லவர் மட்டும்தான்.

பாட்டுக்காரருக்குக் காசு வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதைப் பூட்டு வாங்கித் தரவில்லை, சௌகரியமும் விலையும்தான் வாங்கித் தந்தன. 2007ல் மோசர் பேயர் கம்பெனி சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கு விற்றபோது, பர்மா பஜார் சரக்கைத் தேடிப் போக அவசியம் குறைந்தது. 2009ல் ஆப்பிள் தன் கடையில் விற்கும் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. இசைத் தொழில் அதனால் செத்துப் போகவில்லை.

சி.டி. போய்விட்டது, பூட்டுகள் போகவில்லை. அவை இப்போது செல்போனில், பேங்க் ஆப்பில், காரில், இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கரில் இருக்கின்றன. பயமுறுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்த அமெரிக்காவே, 2006ல் சி.டி. பூட்டு ஆராய்ச்சிக்கு விலக்குக் கொடுத்து, பிற்பாடு அதை விரிவாக்கி, 2022ல் நல்லெண்ண ஆராய்ச்சியாளர்கள் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று அரசு வக்கீல்களுக்கு எழுதியே கொடுத்துவிட்டது. நம்மிடம் ஓட்டைகளைத் தெரிவிக்க செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. தெரிவித்தவரைக் காப்பாற்றச் சட்டத்தில் தெளிவான ஒரு வரி இல்லை.

அந்த வரி நீளமாக இருக்க வேண்டாம். 'தன் காசில் வாங்கிய சாமானைச் சோதித்து, யாருக்கும் சேதம் செய்யாமல், தயாரித்தவருக்கு முதலில் தெரிவித்து, பிறகு வெளியிடுபவர் குற்றவாளி அல்ல.' கூடவே, பொதுஜனத்தின் சாமானை, அதாவது ஓட்டுப் பெட்டியை, செய்தவரும் ஆள்பவரும் அல்லாத ஒரு மூன்றாவது ஆய்வுக்கூடம் சோதித்து முடிவை அச்சில் போட வேண்டும். இவ்வளவுதான். பாராளுமன்றத்தில் ஒரு மத்தியானத்து வேலை.

அதுவரை உங்கள் பையனோ பெண்ணோ ஏதாவது ஒரு ஆப்பில் ஓட்டை கண்டுபிடித்து ஓடி வந்தால், முதலில் தட்டிக் கொடுங்கள். அடுத்தபடியாக, தெரிந்த வக்கீல் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.